லிரியோபியைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

முதல் பார்வைக்கு லிரியோபி ஒரு புல். நீண்ட, ஒடுங்கிய இலைகள் அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பி நான்கு பக்கமும் வளைந்து விழும். புல்தானே என்று தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். சில மாதங்களில் அடி அழுகி, இலையைத் தொட்டால் கையோடு வந்துவிடும். வீட்டுக்குள் வைத்த லிரியோபி செத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

செடியை ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மெல்லிய நார் வேர்களில் அங்கங்கே, குறிப்பாக நுனிப் பக்கம், நிலக்கடலைப் பருப்பு அளவில் சிறு கிழங்குகள் இருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கு தோண்டிப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. இரண்டும் அஸ்பராகேசியே என்ற ஒரே குடும்பம். வீட்டு வாசலில் வைக்கிற மருளும் அதே குடும்பம்தான். கிழங்கில் தண்ணீரைச் சேர்த்துவைத்து வறட்சியைத் தாண்டுகிற செடி இது. நாலு நாள் மறந்தாலும் தாங்கும். நாலு நாள் ஈரத்தில் நின்றால்தான் தாங்காது.

கவனிக்க வேண்டிய இன்னொரு இடம், இலைகளும் வேர்களும் சந்திக்கிற அடிப்பகுதி. அதை இங்கே கழுத்து என்று சொல்வோம். புதுக் குருத்து அங்கிருந்துதான் வருகிறது. அது மண்ணுக்குள் புதைந்தாலோ, இலை இடுக்கில் தண்ணீர் தேங்கினாலோ, முதலில் கெடுவதும் அதுதான். வேரில் கிழங்கு, மேலே கழுத்து. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

எது லிரியோபி? வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சீனா, ஜப்பான், கொரியா, தைவான் காடுகளில் மரநிழலில் வளரும் செடி இது. ஜப்பானில் இதன் பெயர் யாபுரான். லிரியோபி என்ற பேரினப் பெயரை 1790-இல் வைத்தவர் ஜுவாவ் டி லூரேரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார். கிரேக்கக் கதையில் நார்சிசஸின் தாய் அந்தப் பெயருடைய நீர்த்தேவதை. நம் நர்சரிகளில் ‘லிரியோப்’ என்றோ ‘மங்கி கிராஸ்’ என்றோ கேட்டால் காட்டுவார்கள். ஆனால் அதே பெயரில் நாலு வேறு செடிகள் விற்பனைக்கு வருகின்றன. பெயரை நம்பாமல் செடியைப் பாருங்கள்.

தொட்டிக்கு ஏற்றது லிரியோபி மஸ்காரி. இலை ஒரு சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அகலம், 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளம். நெல் தூர் கட்டுவதுபோல ஒரே இடத்தில் தூர் பெருக்கும், ஓடாது. இலையோரத்தில் வெளிர் மஞ்சள் கோடு ஓடும் வகைதான் வீடுகளில் அதிகம். லிரியோபி ஸ்பிகேட்டா என்பது அடுத்த வகை. அதன் இலை ஒடுங்கியது, ஓரத்தை நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் வருடினால் மிக நுண்ணிய சொரசொரப்பு தெரியும். மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும் குணம் அதற்கு. தரையை மூட நல்ல செடி. தொட்டியில் ஓராண்டுக்குள் ஓரத்தைச் சுற்றி முட்டிக்கொண்டு நிற்கும்.

ஓபியோபோகன் நெருங்கிய உறவு. பராமரிப்பில் பெரிய வேறுபாடு இல்லை, மாறி வாங்கிவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். விதையைப் பார்த்தால் அடையாளம் தெரியும்: லிரியோபிக்குக் கறுப்பு, ஓபியோபோகன் ஜப்பானிகஸுக்கு நல்ல நீலம். ஓபியோபோகன் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாம்பின் தாடி என்று பொருள். அதைக் கேட்டுச் சிலர் இந்தச் செடி பாம்பை வரவழைக்கும் என்று பயப்படுகிறார்கள். பெயருக்கும் பாம்பு வருவதற்கும் தொடர்பில்லை. இந்தப் பேரினத்தில் ஓபியோபோகன் இன்டர்மீடியஸ் என்ற வகை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைகளிலும் இயற்கையாகவே வளர்கிறது. அங்கே பார்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள், பிடுங்க வேண்டாம். சோலைக்காட்டுச் செடி சமவெளித் தொட்டியில் நிலைக்காது, காட்டுக்கும் அது இழப்பு.

அதிகம் ஏமாறுவது ஸ்பைடர் செடியிடம்தான். அதுவும் கோடு போட்ட நீள இலை. ஓர் இலையைக் குறுக்கே மடித்துப் பாருங்கள். ஸ்பைடர் செடி சட்டென்று ஒடியும். லிரியோபி தோல்போல் வளையும், எளிதில் கிழியாது.

நர்சரியில் பெரிய செடியைத் தேடாதீர்கள், அடி உறுதியான செடியைத் தேடுங்கள். இலைக்கொத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து லேசாக அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தனியாக ஆடினால் வேர் இல்லை. இலைகளை விலக்கிக் கழுத்தைப் பாருங்கள்: வெளுத்த பச்சையாக, கெட்டியாக இருந்தால் நல்லது, பழுப்பாக, ஈரப் பிசுபிசுப்போடு, புளித்த வாடையோடு இருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இலையின் அடிப்புறத்தில் தேங்காய்த் துருவல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது செதில் பூச்சி. அதையும் விட்டுவிடுங்கள். நுனி காய்ந்திருப்பது மட்டும் குறையல்ல. வண்டியில் வந்த எல்லாச் செடியிலும் அது இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்த பூச்சி இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

வெளிச்சம்

கிழக்கு ஜன்னல் மிகச் சிறந்த இடம். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படட்டும், அதன்பின் நாள் முழுக்க நல்ல வெளிச்சம் கிடைத்தால் போதும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். வைத்த இடம் சரியா என்று பார்க்க, நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் மங்கலாக, ஆனால் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் சரியான வெளிச்சம். கத்தியால் வெட்டியதுபோல் நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் செடி சாகாது, ஆனால் வளராது. கோடு போட்ட வகையில் புது இலைகள் கோடு மங்கி, நீண்டு, தளர்ந்து சாயத் தொடங்கும்.

மேற்கு ஜன்னல் வேண்டாம். பங்குனியிலிருந்து ஆனி வரை பிற்பகல் வெயில் இலையின் நடுப்பகுதியில் வைக்கோல் நிறத் திட்டுகளை உண்டாக்கும். வேறு இடமே இல்லையென்றால் ஒரு மெல்லிய திரை போட்டு, சுவரைத் தொடாமல் வையுங்கள். வெயிலில் காய்ந்த சுவர் இரவிலும் சூடு விடும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் சொல்வது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசிவாக்கில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் நுழையும். அதேபோல் மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் நீளமாக விழும். ஒரே இடத்தில் ஆண்டு முழுக்க வைத்துவிட்டு, சித்திரையில் ஏன் கருகியது, கார்த்திகையில் ஏன் சோர்ந்தது என்று குழம்ப வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை ஓரடி, இரண்டடி நகர்த்தினாலே தீர்ந்துவிடும்.

ஏசி அறையில் வைக்கலாம். காற்று நேராக இலையில் அடிக்கிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் நுனிகள் எல்லாம் காய்ந்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

மூன்று நான்கு சிம்புகள் (தூரில் தனித்தனியாகக் கிளம்பும் இலைக்கொத்துகள்) உள்ள சிறு தூருக்கு 6 அங்குலத் தொட்டி, நன்றாகப் பெருத்த தூருக்கு 8 அங்குலம். இனிமேல் வளரத்தானே போகிறது என்று 12 அங்குலத் தொட்டியில் நடுவது தவறு. வேர் எட்டாத மண் காயவே காயாது, அந்த ஈரம்தான் அழுகலுக்கு வழி. பூசாத மண் தொட்டி மிக நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் என்றால் அடியில் குறைந்தது நான்கு துளைகள் வேண்டும். புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். இந்தச் செடிக்கு லேசான அமிலத்திலிருந்து நடுநிலை வரை, அதாவது கார அமில நிலை 6 முதல் 7 வரை உள்ள மண் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறினால் இலை வெளுக்கும்.

8 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் கலவை வேண்டும். ஒரு லிட்டர் டப்பாவால் அளந்தால் கணக்கு இப்படி:

சலித்த செம்மண் – ஒன்றரை டப்பா
கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) – ஒரு டப்பா, ஊறவைத்துப் பிழிந்த பிறகு அளந்தது
பருமணல் அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் குருணை) – ஒரு டப்பா
மண்புழு உரம் – அரை டப்பா
வேப்பம்புண்ணாக்குத் தூள் – ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம்

கோகோபீட் கட்டியை வாங்கியபடியே கலக்காதீர்கள். விலை குறைந்த கட்டிகளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறவைத்து, இப்படி மூன்று முறை அலசுங்கள். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும், மூன்றாவது வெளிறிவிடும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதன் தூசு மண்ணில் இறுகிச் சிமெண்ட்போல் ஆகிவிடும். மாவு சல்லடையில் சலித்துக் கீழே விழுவதைத் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் குருணையைக் கழுவிப் போடுங்கள். களிமண் கலந்த தோட்ட மண்ணை மட்டும் வைத்து நடுவதானால் நடாமல் இருப்பதே மேல்.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சரளைக்கல் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தண்ணீர் நன்றாக வடியும் என்ற நல்லெண்ணம்தான். நடப்பதோ வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகே சொட்டும். கல் இல்லாதபோது தொட்டியின் அடிமட்டத்தில் இருந்திருக்க வேண்டிய ஈரப்படலம், கல் போட்டதும் இரண்டு அங்குலம் மேலேறி, கிழங்குகள் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். துளைமேல் ஒரு ஓட்டாஞ்சில்லோ, ஒரு துண்டு கொசுவலையோ வைத்தால் போதும். கலவை சரியா என்று பார்க்க, செடி நடும் முன் தொட்டியை நிரப்பி ஒருமுறை நனைத்து, பிறகு அரை லிட்டர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் வடியத் தொடங்க வேண்டும். மேலே குளம்போல் நின்றால் மணலைக் கூட்டுங்கள்.

நடும் முறை

நர்சரிப் பை பெரும்பாலும் கறுப்புப் பிளாஸ்டிக், உள்ளே கெட்டியான செம்மண் கட்டி. அதை அப்படியே புதுத் தொட்டியில் இறக்கினால், வெளியே பொலபொலவென்ற கலவை, நடுவே கல்போல் ஒரு கட்டி. ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடிவிடும், அல்லது கட்டி நனைந்து ஈரம் போகாமல் நிற்கும். எனவே:

1. பையைக் கிழித்து, மண் கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். இழுத்துப் பிரிக்காமல் தண்ணீருக்குள்ளேயே விரலால் கரையுங்கள். வெளிப்பக்கத்தில் பாதி மண் போனால் போதும். கிழங்குகள் ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. கறுத்து, நசுக்கினால் கூழாகிற வேர்களை வெட்டுங்கள். வெள்ளையும் வெளிர்பழுப்புமான வேர்கள் நல்லவை, அவற்றைத் தொட வேண்டாம்.

3. தொட்டியில் கலவையை முக்கால் பங்கு நிரப்பி, நடுவில் சிறு மேடு கட்டி, அதன்மேல் தூரை உட்காரவைத்து, வேர்களைச் சுற்றிலும் இறக்கிவிடுங்கள்.

4. கழுத்து மண்மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கட்டும். தண்ணீர் ஊற்றியதும் மண் கொஞ்சம் இறங்கி, தூரும் இறங்கும். அப்போது சரியான உயரத்துக்கு வரும். தொட்டி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் காலியாக விடுங்கள்.

5. விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள், குத்தி இறுக்க வேண்டாம். அடியில் வடியும்வரை தண்ணீர் ஊற்றி, பத்து நாள் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

நட்ட பிறகு வெளிவட்டத்தில் மூன்று நான்கு இலைகள் மஞ்சளாவது இயல்பு. அதைப் பார்த்து உரமோ கூடுதல் தண்ணீரோ கொடுத்துவிடாதீர்கள். ஆறு வாரம் உரம் வேண்டாம்.

தண்ணீர்

‘வாரத்துக்கு எத்தனை முறை?’ என்பதே எல்லாரும் முதலில் கேட்பது. நாள் கணக்கை நம்பி ஊற்றுவதால்தான் செடி கெடுகிறது. மேல்மண் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கீழே ஈரம் இருக்கும். ஒரு மூங்கில் குச்சியையோ, தடித்த ஈர்க்குச்சியையோ தொட்டி ஓரமாக இரண்டு அங்குலம் செருகி, ஒரு நிமிடம் கழித்து உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு கருமையாக வந்தால் விட்டுவிடுங்கள். சுத்தமாக, உலர்ந்து வந்தால் அன்றைக்கு ஊற்றுங்கள்.

இன்னும் நம்பகமான வழி எடை. முழுக்க ஊற்றி வடிந்ததும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்; காய்ந்ததும் மறுபடி தூக்கிப் பாருங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு குச்சியே தேவைப்படாது, கை சொல்லிவிடும்.

ஊற்றும் நாளில் கஞ்சத்தனம் கூடாது. 8 அங்குலத் தொட்டிக்கு 600 முதல் 800 மில்லி வரை, அடியில் நன்றாக வடியும்படி, தொட்டி விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். கழுத்தின் மேல், இலைக்கொத்தின் நடுவில் ஊற்ற வேண்டாம். கால் மணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பதைவிட இப்படி ஒரேயடியாக ஊற்றிக் காயவிடுவது இந்தச் செடிக்கு நூறு மடங்கு நல்லது. தெளித்தால் மேல் அங்குலம் எப்போதும் ஈரமாகவும் கீழே கிழங்கு காய்ந்தும் கிடக்கும். கழுத்தும் கெடும், வேரும் கெடும்.

தொடங்குவதற்கு ஒரு மதிப்பீடு மட்டும் சொல்லலாம்: கோடையில் பால்கனியில் இருந்தால் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, வீட்டுக்குள் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எட்டுப் பத்து நாள் ஆனாலும் குச்சி ஈரமாகவே வரும், விட்டுவிடலாம். மண் தொட்டியைவிடப் பிளாஸ்டிக்கில் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும்.

தண்ணீர் குறைந்தால் இலைகள் நீளவாக்கில் உள்நோக்கி மடிந்து, பளபளப்பு இழந்து நிற்கும். ஊற்றிய மறுநாள் விரிந்துவிடும். தண்ணீர் மிகுந்தாலும் செடி வாடித்தான் போகும், இங்கேதான் பலர் இன்னும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். வேறுபாடு அடியில் இருக்கிறது: மிகுந்தால் அடி இலைகள் முழு நீளத்துக்கும் மஞ்சளாகி, இழுத்ததும் எதிர்ப்பில்லாமல் வரும், அடி பழுப்பாக வழுக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். சென்னைக் கடலோரத்திலும், ஆழ்துளைக் கிணற்றை நம்பிய மற்ற பல ஊர்களிலும் தண்ணீர் உப்பு. அந்த உப்பு தொட்டியில் சேர்ந்து, விளிம்பில் வெள்ளைப் படலமாகப் பூக்கும், இலை நுனிகள் பழுப்பாகிக் காயும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போல் தெரியும். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, லிரியோபிக்கு வேண்டாம். மழைநீர் மிக நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. வாளியில் பிடித்துவைத்து ஊற்றலாம். மென்னீராக்கும் கருவி வழியாக வந்த தண்ணீரில் சோடியம் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். வேறு வழியின்றி உப்புத் தண்ணீரே என்றால், ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

அரிசி களைந்த தண்ணீர் வீட்டுக்குள் வைத்த தொட்டிக்கு வேண்டாம். மண்ணில் புளித்து, சிறு கறுப்புக் கொசுக்கள் வரும்.

உரம்

கொஞ்சம் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி மண்புழு உரத்தைத் தொட்டி ஓரமாகப் போட்டு மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். அல்லது 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் என்று கரைத்து, ஏற்கெனவே நனைந்த மண்ணில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யத் தேவையில்லை. கத்திரி வெயிலில் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது போடும் உரம் உப்பாகத்தான் தங்கும். அடைமழை மாதங்களிலும் நிறுத்திவிடுங்கள்.

கத்தரிப்பு

வெளிவட்டத்தில் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டி எடுப்பதே வழக்கமான வேலை. காய்ந்த நுனியை வெட்டும்போது இலையின் இயல்பான கூர் வடிவத்திலேயே சாய்வாக வெட்டி, பழுப்பில் ஒரு மயிரிழை விட்டுவிடுங்கள். பச்சையில் வெட்டினால் அந்த ஓரம் மறுபடி காயும்.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் குளிர்காலக் கடைசியில் முழுக் கொத்தையும் 5 முதல் 8 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவார்கள். தொட்டிச் செடிக்கு ஆண்டுதோறும் இது தேவையில்லை. செடி மிகவும் கந்தலாகிவிட்டால் மட்டும் தை மாதத்தில் செய்யலாம். வெட்டும் முன் இலைகளை விலக்கிப் புதுக் குருத்து வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் வெட்டாதீர்கள், நுனி போன குருத்து இலையாக விரிந்த பிறகும் மொட்டையாகத்தான் நிற்கும், அந்தக் குறை அடுத்த ஆண்டுவரை தெரியும்.

தூர் பிரித்தல்

இரண்டு மூன்று ஆண்டில் தொட்டி நிரம்பிவிடும். துளைவழியே வேர் எட்டிப் பார்க்கும், ஊற்றிய தண்ணீர் உடனே வடிந்து ஓடும், பிளாஸ்டிக் தொட்டி என்றால் பக்கம் புடைக்கும். பிரிக்க ஏற்ற காலம் தை, மாசி. இல்லையென்றால் வெயில் தணிந்த ஆடி, ஆவணி. சித்திரை, வைகாசியில் பிரிக்காதீர்கள்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவையுங்கள். தொட்டியைச் சாய்த்துத் தட்டி, தூரை எடுத்து, மண்ணை உதறுங்கள். கையாலேயே பிரிகிற இடங்களில் பிரித்துவிட்டு, பிரியாத நடுப்பகுதியை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால், கழுத்திலிருந்து கீழ்நோக்கி அறுங்கள். ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று சிம்புகளும் அவற்றுக்கான வேரும் வேண்டும். ஒற்றைச் சிம்பும் பிழைக்கும், ஆனால் ஓராண்டு அப்படியே நிற்பதைப் பார்த்துப் பொறுமை போய்விடும். வேரில்லாமல் உதிர்ந்த கிழங்கை மட்டும் நட்டு முளைக்கக் காத்திருக்காதீர்கள். அது சேமிப்பறைதான், அதில் முளை இல்லை. வெட்டிய பகுதியை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவைத்து, இலைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மேலே சொன்ன முறையில் நடுங்கள்.

கெடுவது எப்படி, காப்பது எப்படி

கழுத்தழுகல்தான் பெரிய நோய். இதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று பைட்டாப்தோரா பால்மிவோரா, தென்னையில் குருத்தழுகலை உண்டாக்குவதும் இதே கிருமிதான். இது பூஞ்சைபோல் தோன்றினாலும் உண்மையான பூஞ்சை அல்ல. தண்ணீரில் நீந்திப் பரவும் வித்துகளை உடையது. அதனால்தான் தேங்கிய ஈரத்தில் பெருகுகிறது. பூச்சிமருந்துக் கடையில் பூஞ்சைக்கென்று வழக்கமாகக் கொடுக்கும் கார்பென்டசிம் இதற்கு வேலை செய்யாததும் இது பூஞ்சை அல்ல என்பதால்தான். வாங்கி வீணாக்க வேண்டாம்.

அடி வழுக்கத் தொடங்கினால் அன்றைக்கே செடியை வெளியே எடுங்கள். வேரைக் கழுவி, கெட்டியாக இருக்கும் சிம்புகளை மட்டும் பிரித்து, கறுத்த பகுதியை நல்ல திசு தெரியும்வரை வெட்டி, புதுக் கலவையில், கழுவிய தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் தூளை நடும் கலவையில் ஒரு தேக்கரண்டி கலப்பது நல்ல தற்காப்பு. ஆனால் அது வரவிடாமல் தடுக்க உதவுமே தவிர, அழுகியதை மீட்காது. எல்லாச் சிம்பும் வழுக்கினால் தூக்கி எறிவதுதான் வழி.

இலையோரத்திலும் நுனியிலும் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி விரிந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற இலைப்புள்ளி நோய். இது பூஞ்சை, தண்ணீர் தெறிப்பில் இலைக்கு இலை தாவும். புள்ளி விழுந்த இலைகளை எடுத்துவிட்டு, இலை நனையாமல் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உப்பால் வரும் நுனிக் காய்வு எல்லா இலையிலும் நுனியிலிருந்து ஒரே சீராக இறங்கும். இந்த நோய் திட்டுத் திட்டாக, சிவந்த ஓரத்தோடு வரும். பார்த்தவுடன் பிரித்தறிந்துவிடலாம்.

செதில் பூச்சிக்கு மருந்தைவிடக் கை வேலைதான் பலன் தரும். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, இலையின் இருபுறமும் அடியிலிருந்து நுனிவரை துடையுங்கள். ஓடு மூடியிருப்பதால் தெளிக்கும் மருந்து உள்ளே எட்டாது. துடைத்த பிறகு, 2 மில்லி திரவ சோப்பில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் குழைத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று வாரம். இலை இடுக்கில் தங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். மாவுப்பூச்சிக்கும் இதே முறைதான். எறும்பு வரிசை தெரிந்தால் மாவுப்பூச்சி கழுத்து இடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

ஏசி அறையில் இலை ஊசியால் குத்தியதுபோல வெளிறினால் சிவப்புச் சிலந்தி. மாதம் இரண்டு முறை ஈரத் துணியால் இலையைத் துடைத்துவந்தால் அது அண்டாது. மழைக்காலப் பால்கனியில் நத்தை இலையோரத்தைக் கடிக்கும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள்.

பூ, விதை, குழந்தைகள்

நல்ல வெளிச்சம் கிடைத்த, தொட்டியில் கொஞ்சம் நெருங்கி வளர்ந்த தூர் ஊதா நிறப் பூங்கதிர் விடும். சிறு மணிகள் கோத்ததுபோல் இருக்கும். சொந்த நாட்டில் கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கும் செடி இது; வீட்டுக்குள் பூப்பது உறுதியில்லை, பூக்காததால் செடியில் குறை என்றும் நினைக்க வேண்டாம். பூத்தால் பளபளக்கும் கறுப்பு மணிகள் காய்க்கும். பார்க்கத் திராட்சைபோல் இருப்பதால் சிறு பிள்ளைகள் வாயில் போட வாய்ப்புண்டு; தவழும் குழந்தை உள்ள வீட்டில் பூங்கதிரை முன்னதாகவே வெட்டிவிடுங்கள். இவ்வகைச் செடிகளின் கிழங்கு சீன மருத்துவத்தில் ‘மை மென் தொங்’ என்ற பெயரில் பயன்படுகிறது. அதை நம்பி வீட்டுத் தொட்டியில் தோண்டிக் கஷாயம் வைக்கக் கூடாது. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: ‘லில்லிடர்ஃப்’ என்ற ஆங்கிலப் பெயரில் லில்லி இருந்தாலும் இது உண்மையான லில்லி அல்ல. பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் லில்லி வேறு செடி, அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால், கறுத்த தோலையும் சதையையும் முழுக்கக் கழுவி எடுங்கள், முளைப்பதைத் தடுக்கும் பொருள் அந்தச் சதையில் இருக்கிறது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். முளைக்க வாரக்கணக்கில் ஆகும், சில விதைகள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கோடு போட்ட செடியின் விதை பச்சையாகவே முளைக்கும். கோடு வேண்டுமென்றால் தூர் பிரிப்பது ஒன்றே வழி.

குளிர்நாட்டு வீடுகளில்

லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் வளர்ப்பவர்களுக்குச் சிக்கல் வெயிலல்ல, ஹீட்டர். லிரியோபி மஸ்காரி தரையில் நட்டால் உறைபனியையே தாங்கும் செடி. சூடேற்றிய வறண்ட அறைதான் அதற்கு ஒத்துவராது. வீட்டிலேயே குளிர்ந்த, வெளிச்சமான அறையில், ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி இருந்தாலே போதும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாக இருக்கும், அப்போதும் குச்சியைச் செருகிப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். மே கடைசியில் வெளியே கொண்டுபோய் மரநிழலில் வைத்து, முதல் இரண்டு வாரம் நேர்வெயில் படாமல் பழக்குங்கள். செப்டம்பர் முடிந்து உள்ளே எடுக்கும்போது தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். மண்புழுவும் நத்தையும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.